பூட்ஸுக்குள் கொஞ்சம் புல்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு மனிதனுடைய தலையின்மீது இருக்கும் மோகம் அவன் காலின்மீது இல்லை. எந்த அரசன் எந்தக் கிரீடத்தைச் சூடினான், அதில் எத்தனை ரத்தினங்கள் பதித்திருந்தன என்று பக்கம் பக்கமாகப் படிக்கலாம். அவனுடைய படை எந்தக் காலணியைப் போட்டுக்கொண்டு மலை ஏறியது என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் பூமியின் வடகோடியில் வாழ்ந்த மனிதனுக்குக் கிரீடம் இல்லாமல் காலம் தள்ள முடிந்தது. காலணி இல்லாமல் ஒருநாள்கூட முடியவில்லை. அங்கே உழுவதற்கு நிலம் இல்லை. வேட்டைக்குப் போனால் சாப்பாடு, போகாவிட்டால் பட்டினி. கால்விரல்கள் விறைத்துக் கறுத்துப் போனால் அவனுடைய வேட்டை முடிந்தது. அவனை நம்பியிருந்த குடும்பமும் தவித்தது. ஆகவே குளிர்தேசத்து வேட்டைக்காரன் தன் பாதத்தைக் காத்துக்கொண்ட கதை அற்ப விஷயமல்ல. வெயிலுக்குப் பயந்து செருப்பு மாட்டுகிற நாட்டில் பிறந்த எனக்கு அந்தக் கதை பெரிய ஆச்சரியத்தைக் கொடுத்தது. பனிப்பிரதேசத்தில் காலுக்கு எதிரி யார் என்று கேட்டால் குளிர் என்றுதான் யாரும் சொல்வார்கள். குளிர் பாதி எதிரிதான். மீதிப் பாதி, காலில் சுரக்கும் வியர்வை.

எப்படி என்று சொல்கிறேன். பூட்ஸ் அடுப்பல்ல, அது சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு உடம்பிலிருந்து ரத்தத்தின் வழியாகக் காலுக்கு வருகிறது. அதை வெளியே ஓடவிடாமல் தடுத்து நிறுத்துவது தோலைவிட, ரோமத்தைவிட, அவற்றின் இடுக்குகளில் அசையாமல் தங்கியிருக்கும் காற்றுதான். அந்த இடுக்குகளில் ஈரம் புகுந்துவிட்டால் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. காற்றைவிட இருபது மடங்குக்கும் அதிகமாகச் சூட்டைக் கடத்துவது தண்ணீர்.

வேட்டைக்காரனுக்கோ இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. அவன் தொழிலில் பாதி நடப்பது, பாதி நிற்பது. மிருகத்தின் தடத்தைப் பிடித்து நடக்கும்போது கால் வியர்க்கிறது. பிறகு மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் மரம்போல நிற்கவேண்டும். நின்றவுடன் உடம்பில் சூடு குறைகிறது. உடம்பு தந்திரசாலி, நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காகக் கைகால்களுக்கு அனுப்பும் ரத்தத்தைச் சுருக்கிக்கொள்கிறது. சற்றுமுன் சுரந்த வியர்வை பனிக்கட்டியாக மாறத் தொடங்குகிறது. பூட்ஸ் இறுக்கமாகவும் இருந்துவிட்டால் வருகிற கொஞ்ச ரத்தத்துக்கும் வழி அடைபட்டுப் போகும். இந்தச் சங்கடத்துக்கு மனிதன் கண்டுபிடித்த முதல் மருந்து என்ன தெரியுமா? புல்!

1991-ம் வருஷம் செப்டம்பர் மாதம் ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையில், 3,200 மீட்டர் உயரத்தில், பனிக்கட்டிக்குள் ஒரு மனிதனுடைய உடல் அகப்பட்டது. சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவன். ஊட்ஸி என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள். அவனோடு முடிவுபெறாத வில், தூணியில் அம்புகள், இடுப்புவாரில் தீமூட்டும் சாமான். அவனுடைய காலணியில் அடித்தோல் கரடியுடையது, மேல்தோல் மானுடையது. உள்ளே லிண்டன் மரத்துப் பட்டைநாரால் பின்னிய வலை ஒன்று. அந்த வலைக்கும் மேல்தோலுக்கும் நடுவே காய்ந்த புல்லைத் திணித்திருந்தான். புல் நழுவிவிடாமல் பிடித்துக்கொள்ளத்தான் அந்த வலை. எகிப்தில் பிரமிடுகள் எழும்புவதற்கு அநேக நூற்றாண்டுகள் முந்திய காலணி அது!

செக் நாட்டில் ஸ்லின் என்று ஓர் ஊர். 1894-ல் பாட்டா கம்பெனி பிறந்த ஊர் அதுதான். அங்கே பாட்டா பெயரில் அமைந்த சர்வகலாசாலையின் பேராசிரியர் பெட்ர் ஹ்லவாசெக் என்பவர், ஊட்ஸியின் காலணியைப் போலவே செய்து, பனிமலையில் நடந்து பரிசோதித்தார். கால் குளிரவில்லை, கொப்புளம் போடவில்லை என்று கண்டார்கள்.

புல்லின் பெருமை அந்த ஒருவனோடு போய்விடவில்லை. ஸ்காண்டிநேவியாவின் வடக்கே பனிமான்களை வேட்டையாடியும் மேய்த்தும் வாழ்ந்த சாமி இன மக்கள், நம்முடைய கோரையின் ஜாதியைச் சேர்ந்த ஒரு புல்லைக் கோடையில் அறுத்து, அடித்து மிருதுவாக்கி, உலர்த்தி, முடிபோட்டு வைத்துக்கொள்வார்கள். பனிமான் தோலில் தைத்த பூட்ஸுக்குள் அந்தப் புல்லைக் காலைச் சுற்றி வைத்து அணிவார்கள். காலுறை என்ற சங்கதியே வேண்டியதில்லை. புல் வியர்வையை வாங்கிக்கொள்ளும். இரவில் எடுத்து உதறி, நெருப்பருகே காயவைத்தால் மறுநாளைக்குத் தயார். பூட்ஸைக் கழற்றிய பிறகும் வேலை இருக்கிறது என்பதை அந்த ஜனங்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

இந்த வித்தையை உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் கிரீன்லாந்திலும் கனடாவின் வடபகுதியிலும் வாழும் இன்யூட் மக்கள். அவர்களுடைய குளிர்கால வேட்டையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கடல் உறைந்து தரையாகிவிட்டது. அடியில் நீந்தும் சீல் என்ற கடல்நாய், மூச்சு வாங்குவதற்காகப் பனிக்கட்டியில் சிறு துவாரங்கள் வைத்திருக்கும். அப்படி ஒரு துவாரத்தின் அருகே ஈட்டியுடன் வேட்டைக்காரன் நிற்கிறான். மணிக்கணக்காக நிற்கிறான். கால் மரத்துவிட்டது என்று ஒருதரம் தரையில் தட்டினால் போதும், அந்த அதிர்ச்சி தண்ணீருக்குள் கேட்டுவிடும். சீல் வேறு துவாரத்துக்குப் போய்விடும். காலடியில் ஒரு துண்டு ரோமத்தோலை விரித்து அதன்மேல் நிற்பான். சத்தமும் எழாது, சில்லிப்பும் ஏறாது.

அவனுடைய பூட்ஸைப் பாருங்கள். ரோமம் உட்புறமாகத் திரும்பிய உள்ளுறை ஒன்று. அதற்கு மேல் வெளிப்பூட்ஸ். கடுங்குளிருக்கு கரிபு என்ற மானின் தோல். அதன் ரோமத்துக்குள்ளேயே காற்றறைகள் உண்டு. ஈரத்தில் இறங்கும் காலத்துக்கு மழித்த சீல் தோல். அதைத் தைக்கும்போது ஊசி தோலை முழுவதும் துளைக்காமல், கனத்தில் பாதிவரை போய்த் திரும்பவேண்டும். தோலின் மறுபக்கத்தில் துவாரமே இராது. நூலோ மிருகத்தின் தசைநார். நனைந்தால் ஊதி, தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். வேட்டை முடிந்து வந்தவுடன் பூட்ஸில் ஒட்டிய பனித்துகளைக் கட்டையால் தட்டிவிட்டு, சீல் கொழுப்பு விளக்கின்மேல் கட்டிய பரணில் உலர்த்துவார்கள். காய்ந்து விறைத்த தோலை மறுபடி மிருதுவாக்குவதற்குப் பல்லால் மெல்லுவார்கள்.

மெல்லுகிறவர் யார்? அவனுடைய மனைவி அல்லது தாய். தோலைச் சுரண்டியதும், அளவு பார்த்து வெட்டியதும், அந்தப் பாதி ஊசித் தையலைப் போட்டதும் அவள்தான். ஆயுள் முழுவதும் தோலை மென்று மென்று பற்கள் ஈறுவரை தேய்ந்துபோன கிழவிகள் உண்டு. ஒரு தையல் விட்டுப்போனால் எங்கோ பனிவெளியில் ஒருவன் கால் விரலை இழப்பான் என்று அவளுக்குத் தெரியும். ஈட்டி அவன் கையில் இருந்தது. அவன் உயிர் அவளுடைய ஊசி முனையில் இருந்தது.

இந்த ஞானத்தைக் கற்க வேண்டும் என்று தோன்றிய வெள்ளைக்காரர்கள் வெகு சிலர். அவர்களில் ஒருவர் நார்வேயின் ரோவால் அமுண்ட்சென். 1903 முதல் 1905 வரை இரண்டு குளிர்காலம் கிங் வில்லியம் தீவில் கப்பலை நிறுத்திக்கொண்டு, அங்கே நெட்சிலிக் என்ற இன்யூட் பிரிவினரிடம் உடை அணியும் முறையைப் பாடம் கேட்டார். அவருக்கும் பூட்ஸ் தொல்லை கொடுக்காமல் விடவில்லை. 1911 செப்டம்பரில் தென்துருவத்துக்குப் புறப்பட்ட அவருடைய கோஷ்டி, பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியையும் தாண்டிய குளிரில், குதிகாலில் பனிக்கடி பட்டவர்களுடன் முகாமுக்குத் திரும்பியது. பனிச்சறுக்கு மரத்தோடு பொருத்துவதற்கென்று விறைப்பாகத் தைத்த பூட்ஸ்கள் அவை. பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கித் தைத்தார்கள். உள்ளே பல அடுக்கு உறைகள் போட்டும் விரல்கள் தாராளமாக அசைய இடம் வைத்தார்கள். அக்டோபரில் மறுபடி கிளம்பி, டிசம்பர் 14-ந் தேதி துருவத்தை அடைந்தார்கள்.

அதற்குள் உலகத்துக்கு ரப்பர் கிடைத்துவிட்டது. 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சுட்டுப் பதப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்த பிறகு, தண்ணீர் புகாத பூட்ஸ் கடைக்கு வந்தது. வெளித் தண்ணீர் உள்ளே வராது, வாஸ்தவம். உள் வியர்வையும் வெளியே போகாது. தோல் பூட்ஸிலோ வியர்வை மெல்ல வெளியேறும். ஆனால் பனி உருகிய தண்ணீரும் உள்ளே வரும். அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் லியான் லியான்வுட் பீன் என்பவர் 1911-ல் வேட்டைக்குப் போய், நனைந்து விறைத்த கால்களுடன் வீடு திரும்பினார். கீழே ரப்பர், மேலே லேசான தோல், இரண்டையும் சேர்த்துத் தை என்று ஊரில் செருப்புத் தைப்பவரிடம் சொன்னார். மறு வருஷம், மெய்னில் வேட்டை லைசென்ஸ் வாங்கிய வெளியூர்க்காரர்களின் ஜாபிதாவைப் பிடித்துத் தபாலில் விளம்பரம் அனுப்பினார். விற்ற 100 ஜோடிகளில் 90 ஜோடி தையல் விட்டுத் திரும்பி வந்தது என்று அந்தக் கம்பெனியார் தங்கள் வரலாற்றில் சொல்லிக்கொள்கிறார்கள். பீன் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி, நல்ல ரப்பரில் மறுபடி தைத்தார். அந்தப் பூட்ஸ் இன்றும் விற்கிறது.

ஆனால் வியர்வை தோற்றுப்போய்விடவில்லை. 1950 நவம்பரிலும் டிசம்பரிலும் கொரியாவில் சோசின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்த யுத்தத்தில் அமெரிக்க வீரர்கள் அணிந்திருந்தது, ரப்பர் அடியும் தோல் மேலுமாக அதே ஜாதிப் பூட்ஸ். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக் குளிர். மலையேறும்போது கால் வியர்த்தது. பதுங்குகுழியில் காவல் நின்றபோது வியர்வை காலோடு உறைந்தது. வேட்டைக்காரனின் பழைய சங்கடமேதான்! உள்ளே வைக்கும் அழுத்திய கம்பளித் தட்டைத் தினம் மாற்று, மாற்றுத் தட்டையும் காலுறையையும் சட்டைக்குள் உடம்போடு வைத்து உலர்த்து என்று சொல்லியிருந்தார்கள். குண்டு பொழிகிற இடத்தில் பூட்ஸைக் கழற்ற யாருக்கு அவகாசம்? எதிரே வந்த சீன வீரர்களின் கதி இன்னும் பரிதாபம்; அவர்களில் அநேகருக்கு வெறும் கான்வாஸ் காலணிதான். அதன் பிறகு இரண்டு ரப்பர்ச் சுவர்களுக்கு நடுவே கம்பளியை வைத்து ஈரம் புகாமல் முத்திரையிட்ட ஒரு குண்டுப் பூட்ஸ் ராணுவத்துக்கு வந்தது. மிக்கி மவுஸ் பூட்ஸ் என்று சிப்பாய்கள் கேலி செய்தார்கள். கால் வியர்வையில் நனைந்தாலும் கம்பளி நனையாது, சூடு தங்கும்.

இன்று ஒருவர் குளிர்நாட்டில் வேட்டைக்குப் போகப் பூட்ஸ் வாங்கினால், கடைக்காரர் சொல்லும் புத்திமதி என்ன? இறுக்கமாக வாங்காதே, விரல் அசையவேண்டும். நிறைய நடப்பவனுக்கு ஒரு பூட்ஸ், உட்கார்ந்து காத்திருப்பவனுக்கு வேறு பூட்ஸ். உள்ளுறையைத் தனியே கழற்றி உலர்த்த முடிகிறதா என்று பார். மாற்று உறை ஒரு ஜோடி எடுத்துக்கொள். இதில் எது புதிது? தளர்வு, அடுக்கு, உலர்ந்த உள்ளுறை எல்லாம் விளக்குப் பரணுக்கு அடியில் உட்கார்ந்து தோல் மென்ற அந்தக் கிழவிக்குத் தெரிந்தவைதான்.

அவள் அதை எழுதி வைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் ஊசியைக் கொடுத்துத்தான் சொல்லித் தந்தாள். கனடாவில் இன்யூட் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தூரத்து விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிய காலத்தில், எத்தனையோ வீடுகளில் அந்த ஊசி கைமாறாமல் நின்றுவிட்டது. அதற்காக அந்நாட்டு அரசாங்கம் 2008-ல் மன்னிப்புக் கேட்டது. பாட்டா குடும்பத்து ஸோன்யா பாட்டா, வடதுருவத்து ஜனங்களின் காலணிகளைத் தேடிச் சேர்த்து, டொராண்டோவில் 1995-ல் திறந்த காலணி அருங்காட்சியகத்தில் வைத்தார். சில ஊர்களில் பாட்டிமார் மறுபடி தைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

குட்இயரின் பெயர் டயரில் இருக்கிறது. பீன் பெயர் கடை வாசலில் இருக்கிறது. அமுண்ட்சென் பெயர் தேசப்படத்தில் இருக்கிறது. ஊசியைப் பாதியில் திருப்பலாம் என்று முதலில் யோசித்த பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவள் தைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனவன் மாலையில் சீலை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான்.