அரைக்கட்டணமும் அவையோர் உரிமையும்: நாடக அரங்குகளின் கட்டணச் சலுகை வரலாறு

முன்னுரை

கலைநிகழ்வின் செலவை யார் ஏற்பது என்னும் வினாவிற்கு ஒவ்வொரு காலமும் தனக்கேயுரிய விடையைக் கண்டுள்ளது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்கு மன்னன் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் அளிக்கின்றான். அங்குப் புரப்பவன் மன்னன் ஆதலின் காண்போரிடம் பொருள் பெறுதல் என்னும் பேச்சிற்கு இடமில்லை. காண்போரே செலவை ஏற்கும் முறை வந்த பின்னரே கட்டணம் என்பதும், அதன் நிழலாகக் கட்டணச் சலுகை என்பதும் தோன்றின. சலுகையை வணிக உத்தி என்ற அளவில் மட்டும் நோக்குவது பெருவழக்கு. ஆயின், ஓர் அரங்கு யாரைத் தன் அவையோராகக் கருதுகின்றது என்பதைச் சலுகையின் வரலாறே தெளிவாகக் காட்டும். மேலைநாட்டு அரங்க வரலாற்றில் நான்கு நகரங்களின் சலுகை முறைகளை ஒப்பிட்டு, சலுகை எந்நிலையில் உரிமையாகக் கொள்ளப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சலுகையின் அடிப்படை

அரங்கின் இருக்கை சேமித்து வைக்க இயலாத பொருள். திரை உயர்ந்தபின் வெறுமையாக நிற்கும் இருக்கையை மறுநாள் விற்க முடியாது. அதே வேளையில், மேலும் ஒருவர் வந்து அமர்வதால் நடிகர்க்கும் இசைஞர்க்கும் ஆகும் செலவு கூடுவதில்லை. எனவே வெறும் இருக்கையைக் குறைந்த விலைக்கு விற்பதும் அரங்கிற்கு ஆதாயமே. ஆனால் முழுக்கட்டணம் செலுத்த இயன்றவரும் குறைந்த கட்டணத்தையே நாடினால் ஆதாயம் இழப்பாகிவிடும். ஆகவே, சலுகை பெறுவோரையும் பெறாதோரையும் பிரிக்க ஒரு வரம்பு தேவைப்படுகின்றது. ஒரே பொருளை வெவ்வேறு மக்களுக்கு வெவ்வேறு விலையில் விற்கும் இம்முறையைப் பொருளியல் அறிஞர் பிகூ 1920இல் வெளியிட்ட தம் நூலில் மூவகையாகப் பகுத்துக் காட்டினார். அவர் வகுத்ததற்கு நெடுங்காலம் முன்னரே அரங்குகள் அதனை நடைமுறையில் கையாண்டு வந்தன. வயலுக்கு வரப்புப் போலச் சலுகைக்கு வரம்பு. அவ்வரம்பு எதனால் ஆனது என்பதே காலந்தோறும் மாறி வந்துள்ளது.

ஏதென்சு: குடியுரிமை என்னும் வரம்பு

பண்டைய ஏதென்சில் டயோனிசசு விழாவின்போது அக்ரோபோலிசுக் குன்றின் தென்சரிவில் நாடகங்கள் நிகழ்ந்தன. இருக்கைக்கு இரண்டு ஒபோல் கட்டணம் பெறப்பட்டது. இத்தொகையை அரசே குடிமக்களுக்கு வழங்கிய ஏற்பாடு 'தியோரிகான்' எனப்பட்டது. இதனைப் பெரிக்கிளீசு தோற்றுவித்தார் என்பது புளூட்டார்க்கின் கூற்று. கி.மு. நான்காம் நூற்றாண்டில் யூபுலசு காலத்தில்தான் இது நிலைபெற்றது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. தொடக்கம் எதுவாயினும், தம் ஊர்ப்பிரிவின் குடிமக்கள் பட்டியலில் பெயர் உடையோர்க்கே இத்தொகை உரியதாயிற்று. நகரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து தொழில் செய்த பிறநாட்டார் அப்பட்டியலுக்கு வெளியே நின்றனர்.

இந்நிதி அரசியலிலும் பெரும் பூசலுக்கு உள்ளாயிற்று. மாசிடோனிய மன்னன் பிலிப்பின் படை வலிமை பெருகிய நிலையில், விழாநிதியைப் போர்ச்செலவிற்குத் திருப்ப வேண்டும் என்னும் கருத்தை டெமாசுதனீசு கி.மு. 349ஆம் ஆண்டை ஒட்டிய தம் ஒலிந்தியச் சொற்பொழிவுகளில் மிகுந்த தயக்கத்துடனேயே முன்வைத்தார். நிதியும் இறுதியில் போருக்கெனத் திருப்பப்பட்டது. கி.மு. 338இல் கைரோனியாப் போரில் ஏதென்சு தோற்றது. பகைவர் நெருங்கி வரும்போதும் நாடகம் காணும் தொகையில் கைவைக்கத் தலைவர்கள் தயங்கினர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. குடிமக்கள் அத்தொகையை அரசு இரங்கி ஈந்த கொடையாகக் கருதவில்லை. தம் குடியுரிமையின் ஒரு கூறாகவே கருதினர் என்பது இதனால் பெறப்படுகின்றது.

இலண்டன்: நேரம் என்னும் வரம்பு

பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் சலுகைக்கு வரம்பாக அமைந்தது நேரம். மாலையில் தொடங்கும் நிகழ்ச்சியில் முதலில் ஐந்து அங்க நாடகமும், பின்னர்க் கேலிநாடகமோ ஊமைக்கூத்து வகையோ இடம்பெறும். முதன்மை நாடகத்தின் மூன்றாம் அங்கம் முடிந்தபின் வருவோர் பாதிக் கட்டணம் செலுத்தினால் போதும். இதுவே 'அரைக்கட்டணம்' என வழங்கிற்று. கடைக்காரர், எழுத்தர், தொழில் பயில்வோர் முதலியோர் பணி முடியும்முன் அரங்கிற்கு வர இயலாதவர். அரைக்கட்டணம் இவர்களுக்குப் பெரிதும் துணையாயிற்று. யார் ஏழை, யார் செல்வர் என்று வாயிலில் எவரும் வினவவில்லை. காத்திருக்க ஒருப்பட்ட எவர்க்கும் அவ்விலை கிடைத்தது.

1763 சனவரியில் துரூரி லேன் அரங்கு இவ்வழக்கத்தை நிறுத்த முற்பட்டது. அவ்வரங்கை நடத்தியவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக். சனவரி 25ஆம் நாள் பிட்சுபாட்ரிக் என்பவர் முன்னின்று எதிர்ப்பை எழுப்ப, நாடகம் நடைபெற இயலாது போயிற்று. கேரிக் விரைவிலேயே பணிந்தார். அடுத்த மாதம் கோவன்ட் கார்டன் அரங்கிலும் இதே பூசல் எழுந்தது. இருக்கைகளும் விளக்குகளும் நொறுக்கப்பட்டன. அவ்வரங்கின் மேலாளர் ஜான் பியர்டும் இறுதியில் இணங்க நேர்ந்தது. புதிய ஊமைக்கூத்து நிகழ்வுகள் நீங்கலாக, அரைக்கட்டணம் மீண்டும் நிலைபெற்றது.

இவ்வெதிர்ப்பின் வேகத்திற்குச் சட்டப் பின்னணி ஒன்றும் உண்டு. 1737ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்தால் இலண்டனில் உரையாடல் நாடகங்களை நடத்தும் உரிமை, அரச ஆணை பெற்ற இவ்விரு அரங்குகளுக்கே பெரிதும் உரியதாயிற்று. வேறிடம் செல்லலாம் என்று அவையோரிடம் கூற வாய்ப்பில்லை. தனியுரிமை பெற்றவர் பொதுமக்கட்குக் கடப்பாடும் உடையவர் என்னும் எண்ணம் இதனால் வேரூன்றியது எனலாம்.

1809: பழைய விலைக் கலகம்

இவ்வெண்ணத்தின் முழுவீச்சும் 1809இல் வெளிப்பட்டது. 1808 செப்டம்பரில் தீக்கிரையான கோவன்ட் கார்டன் அரங்கு, 1809 செப்டம்பர் 18 அன்று 'மேக்பெத்' நாடகத்துடன் மீண்டும் திறக்கப்பெற்றது. கட்டுமானச் செலவைக் காட்டி மேலாளர் ஜான் பிலிப் கெம்பிள் கட்டணத்தை உயர்த்தினார். மாடங்களுக்கு 6 ஷில்லிங் 7 ஆயிற்று. தரைமட்ட இருக்கைப் பகுதிக்கு 3 ஷில்லிங் 6 பென்சு என்பது 4 ஷில்லிங் ஆயிற்று. மேற்கூடக் கட்டணம் உயரவில்லை. ஆயினும் அதன் மிக உயர்ந்த பகுதியில் அமர்ந்தோர்க்கு மேடையில் நடிகரின் கால்கள் மட்டுமே புலப்படும் வகையில் கட்டட அமைப்பு மாறியிருந்தது. விலை ஏறாதது போலத் தோன்றினும் அவ்விலைக்குக் கிடைத்த காட்சி குறைந்துவிட்டது. மேலும், மூன்றாம் அடுக்கு மாடங்கள் ஆண்டு வாடகைக்குச் செல்வர்களின் தனியறைகளாக விடப்பட்டன.

முதல் நாளிலேயே நடிகர் பேச்சு செவியில் விழாத அளவிற்கு முழக்கம் எழுந்தது. கலகத் தடைச் சட்டம் மேடையிலிருந்தே படிக்கப்பட்டது. தொடர்ந்து 67 இரவுகள் இவ்வெதிர்ப்பு நீண்டது. 'பழைய விலை' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் இரண்டையும் தொப்பியில் அணிந்து வந்தனர், கிலுகிலுப்பையும் ஊதுகொம்பும் ஒலித்தனர், பதாகைகள் ஏந்தினர், இருக்கைகளின் மேல் குதித்து ஆடினர். எதிர்ப்பாளரை அடக்கக் குத்துச்சண்டை வீரர் சிலரை அரங்கத்தார் அமர்த்தியது சினத்தை மேலும் வளர்த்தது. கைது செய்யப்பட்ட வழக்கறிஞர் ஹென்றி கிளிஃபோர்டு தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு அரங்கத்தார்க்கு எதிராக அமைந்தது. டிசம்பரில் கெம்பிள் பொதுமன்னிப்புக் கோரினார். தரைமட்ட இருக்கையின் கட்டணம் மீண்டும் 3 ஷில்லிங் 6 பென்சு ஆயிற்று. தனியறைகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. மாடங்களின் 7 ஷில்லிங் மட்டும் நிலைத்தது.

எதிர்ப்பாளர் மீட்டது ஆறு பென்சு மட்டுமே. ஆனால் தனியறைகளையும் அவர்கள் எதிர்த்தமை கருதத்தக்கது. அனைவரும் காண அமர்ந்திருந்த பொது அவையின் ஒரு பகுதி மூடிய கதவிற்குள் செல்வதையே அவர்கள் மறுத்தனர். அவர்தம் வழக்கு விலையைப் பற்றியது போலவே அவையைப் பற்றியதும் ஆகும். 1843ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரங்குகளின் தனியுரிமை நீங்கியது. பின்னர் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அரைக்கட்டணமும் படிப்படியாக மறைந்தது.

பெர்லின்: சீட்டுக் குலுக்கல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லினில் வேறொரு விடை பிறந்தது. 1890இல் புரூனோ வில்லே விடுத்த அழைப்பின்பேரில் தொழிலாளர்க்கான 'ஃபிரையே ஃபோல்க்சுபியூனே', அதாவது 'சுதந்திர மக்கள் அரங்கு' என்னும் கழகம் உருவாயிற்று. உறுப்பினர் செலுத்த வேண்டிய சந்தா சில பத்துப் பெனிக் காசுகளே. நிகழ்ச்சிகள் தொழிலாளர் ஓய்ந்திருக்கும் ஞாயிறு பிற்பகலில் நடந்தன. முதல் நாடகமாக 1890 அக்டோபர் 19இல் இப்செனின் 'சமுதாயத் தூண்கள்' நிகழ்ந்தது. பொது நிகழ்வுகளுக்குக் காவல்துறையின் முன்னிசைவு தேவையாயிருந்த காலத்தில், உறுப்பினர்க்கு மட்டுமான கழகம் என்னும் வடிவம் தணிக்கையைத் தவிர்க்கவும் உதவியது.

இம்முறையின் சிறப்பு இருக்கைப் பங்கீட்டில் உள்ளது. அனைவர்க்கும் கட்டணம் ஒன்றே. யார் எங்கு அமர்வது என்பது சீட்டுக் குலுக்கலால் முடிவாயிற்று. இன்று கடைசி வரிசையில் அமர்ந்தவர் அடுத்த முறை முதல் வரிசையில் அமரலாம். இலண்டனில் விலையே இடத்தைத் தீர்மானித்தது. பெர்லினில் விலைக்கும் இடத்திற்கும் இருந்த தொடர்பே அறுக்கப்பட்டது. சலுகை பெறுவோர், பெறாதோர் என்ற பிரிவு அவ்வரங்கிற்குள் எழவில்லை. உறுப்பினரின் சிறுசிறு பங்களிப்பால் 1914 டிசம்பரில் இவ்வியக்கம் தனக்கெனச் சொந்த அரங்கையும் பெற்றது.

நியூயார்க்: எஞ்சிய இருக்கைகள்

1966இல் பௌமால், போவன் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் அமெரிக்க நிகழ்த்துகலைகளைப் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டனர். தொழிற்கூடத்தில் எந்திரங்களால் உழைப்பின் விளைவு பெருகுகின்றது. நால்வர் இசைக்கும் இசைப்படைப்பிற்கோ அன்றும் இன்றும் நால்வரும் அதே நேரமும் தேவை. எனவே கலைநிகழ்வின் செலவு பிற துறைகளைவிட விரைந்து ஏறும் என்பது அவர்கள் கண்ட முடிபு. அரங்கிற்கு வருவோருள் பெரும்பாலோர் உயர்கல்வியும் மிகு வருவாயும் உடையோர் என்பதையும் அவ்வாய்வு காட்டியது.

1968இல் நிறுவப்பெற்ற அரங்க வளர்ச்சி நிதியம், 1973 சூனில் டைம்ஸ் சதுக்கத்தருகே ஒரு விற்பனைக் கூடத்தைத் திறந்தது. அன்றைய நிகழ்ச்சிகளில் எஞ்சிய இருக்கைகள் அங்குப் பாதி விலைக்கு விற்கப்பட்டன. இலண்டனின் பழைய அரைக்கட்டணம் புதுவடிவில் திரும்பிற்று எனலாம். இங்கும் வரம்பு பொருள்நிலை அன்று. வரிசையில் நிற்கும் பொறுமையும், எது கிடைப்பினும் ஏற்கும் மனமுமே. 1980இல் இலண்டனிலும் இத்தகைய கூடம் தோன்றியது.

பின்னர்ச் சலுகை குறிப்பிட்ட பிரிவினரை நோக்கித் திரும்பியது. 2009 முதல் 2011 வரை இங்கிலாந்துக் கலை மன்றம் 26 வயதிற்கு உட்பட்டோர்க்கு இலவச இருக்கை வழங்கும் திட்டத்தை 200க்கும் மேற்பட்ட அரங்குகளில் நடத்தியது. இங்கு வயதே வரம்பாயிற்று. இத்தகைய திட்டங்கள் புதியோரை அழைக்கும் நோக்குடையவை. எனினும் ஏற்கெனவே அரங்கிற்கு வரும் குடும்பத்து இளைஞரும் அதே சலுகையைப் பெறுவர். 40 வயதுக் கூலித் தொழிலாளியோ அதற்கு வெளியே நிற்பார். தேசிய அரங்கு 2003இல் வேறு வழி கண்டது. தன் பெரிய அரங்கில் ஒரு பருவத்திற்கு மூன்றில் இரண்டு பங்கு இருக்கைகளை எவர்க்கும் 10 பவுண்டு என்ற விலைக்கு அளித்தது. இது வரம்பைத் தளர்த்திய முறையாகும்.

முடிவுரை

மேற்கண்ட சலுகைகளுக்குப் பொதுவானதொரு கூறு உண்டு. இரண்டு ஒபோலும், மூன்றாம் அங்கத்திற்குப் பிந்திய பாதி விலையும், பெர்லின் குலுக்கலும், நியூயார்க்கின் வரிசையும் ஊரறிந்த விதிகள். பெறுவோர்க்கும் பெறாதோர்க்கும் அவ்விதி ஒருங்கே தெரிந்திருந்தது. அதனாலேயே ஏதென்சில் அதைத் தொடத் தலைவர்கள் அஞ்சினர். 1763இலும் 1809இலும் அவையோர் ஒன்றுகூடி அதைக் காக்க முடிந்தது.

கணினிவழிப் பதிவு பரவியபின் நிலை மாறியுள்ளது. ஒருவர் எந்நாடகத்திற்கு எப்போது வந்தார், எவ்வளவு செலுத்தினார், எத்தனை மாதமாக வரவில்லை என்பன அரங்கின் பதிவேட்டில் உள்ளன. அவற்றைக் கொண்டு ஒருவருக்கு மட்டும் சலுகைக் குறியீடு அனுப்ப இயலும். தேவை மிகும்போது விலை தானே உயரவும் செய்யும். வரம்பு இங்கு ஒருவரது பெயரளவிற்குச் சுருங்கிவிட்டது. வெற்று இருக்கைகள் நிரம்புவதும், வராதவர் மீண்டும் வருவதும் இதன் நன்மைகள். ஆயினும் அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் என்ன விலை தந்தார் என்பதை ஒருவர் அறிய வழியில்லை. அறியாத விதியைக் காக்கவோ எதிர்க்கவோ எவராலும் இயலாது.

சலுகையின் அளவு பெரிதா சிறிதா என்பதைவிட, அதன் விதி வெளிப்படையானதா என்பதே அவையோரின் நிலையைத் தீர்மானிக்கின்றது என்பது இவ்வாய்வின் முடிபாகும். வெளிப்படையான சலுகை நாளடைவில் உரிமையாக வளர்ந்தது. மறைவாக ஒருவர்க்கு வழங்கப்படும் சலுகை, வழங்குவோர் விரும்பும் வரையே நிற்கும். 1809இல் 67 இரவுகள் கூடி நின்றோர், அனைவர்க்கும் தெரிந்த ஒரு விலையின் பொருட்டே கூடி நின்றனர்.