சீட்டும் கீற்றும்

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்று வாழும் நம்மவர்க்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. கடையில் வாங்கி வந்த வேட்டியை வீட்டில் பிரித்துப் பார்த்தால் நீளம் போதவில்லை. மறுநாள் அதே கடைக்குத் திரும்பிச் செல்கிறோம். "ரசீது எங்கே?" என்று கேட்கிறார் கடைக்காரர். ரசீது இல்லை. சொந்த ஊராயின், "நான் இன்னார் மகன்" என்ற ஒரு சொல்லே ரசீதாகியிருக்கும். அயலூரில் நம்மை அறிந்தவர் யார்? முகம் அறியாத இடத்தில் காகிதம் பேசுகிறது. காகிதமும் இல்லாத இடத்தில் எது பேசும்? இவ்வினாவுக்கு விடை தேடி, இன்று வங்கக் கடலைக் கடந்து நிக்கோபார்த் தீவுகளுக்குச் செல்வோம்.

அத்தீவுகள் நமக்குப் புதியவை அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் கடல் கடந்த வெற்றிகளைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் என்ற பெயரால் அவை குறிக்கப்படுகின்றன. 1869ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அத்தீவுகளைத் தம் ஆட்சியில் சேர்த்துக் கொண்டபோது, அங்கே நடந்த பெருவாணிபம் ஒன்றே ஒன்று. அது தேங்காய் வாணிபம். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி காய்கள் விளைவதாகவும், அவற்றுள் 50 இலட்சம் வெளியே செல்வதாகவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கத்தார் மதிப்பிட்டனர். இந்தியர், பர்மியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோர் பருவக்காற்றை நம்பிப் பாய்க்கப்பல்களில் வந்தனர். அரிசி, துணி, கத்தி, ஊசி, கண்ணாடி, தீப்பெட்டி, தொப்பி முதலியவற்றை இறக்கினர். தேங்காயை ஏற்றிச் சென்றனர். பொருளின் விலையும் காசால் அன்றித் தேங்காயால் கணக்கிடப்பட்டது. முன்னதாகச் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பின்னர் விளையும் காயைப் பெற்றுக்கொள்ளும் கடன் முறையும் இருந்தது.

இக்கணக்கை எழுத்தறியாத தீவினர் எவ்வாறு வைத்துக் கொண்டனர்? மூங்கில் அல்லது பிரம்பின் மெல்லிய கீற்று ஒன்றே அவர்களுடைய கணக்கேடு. தேங்காய்களை இருபது இருபதாகத் தொகுத்து எண்ணி, ஒவ்வொரு தொகைக்கும் அக்கீற்றில் கட்டைவிரல் நகத்தால் ஒரு தழும்பு இடுவர். அந்தமான் நிக்கோபாரின் தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்டு கார்னாக் டெம்பிள் என்பார், 1901ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு அறிக்கையில் இவ்வழக்கத்தை விரித்துரைத்துள்ளார்.

இதனைக் கேட்டு நாம் வியக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் பால்கணக்கைச் சுவரில் கரிக்கோடுகளாக வைத்திருந்தனர். ஆடை இன்னாருடையது என்பதற்குச் சலவைத் தொழிலாளி இட்ட மைக்குறியே சான்றாயிற்று. இங்கிலாந்தின் அரசாங்கக் கருவூலமே 1826 வரையில் வெட்டுக்குறி இட்ட கோல்களைப் பற்றுச்சீட்டாக வழங்கியது. அக்கோலை நெடுக இரண்டாகப் பிளந்து, இரு தரத்தாரும் ஆளுக்கொரு பாதி வைத்துக் கொள்வர். இரண்டையும் ஒன்று சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். ஒருவர் மட்டும் மாற்றினால் பொய் உடனே வெளிப்படும். நல்ல சான்றின் இலக்கணம் அதுவே. எழுத்தாயினும் கீறலாயினும் சான்று இரு தரத்தாரிடமும் இருத்தல் வேண்டும்.

வணிகர் தமது பேரேட்டில் எழுதினார். தீவினர் தமது கீற்றில் கீறினர். ஆனால் ஒருவருடைய எழுத்தை மற்றவர் படிக்க இயலாது. மேலும், கீற்று எண்ணிக்கையைச் சொல்லுமேயன்றித் தரத்தைச் சொல்லாது. எத்தனை காய்க்கு வாங்கிய துணி என்பதை அது காட்டும். துணி கிழிந்திருந்தது என்பதைக் காட்டாது. பருவம் மாறியதும் கப்பல் போய்விடும். அதன் பின்னர்ச் சரக்கை யாரிடம் திருப்பித் தருவது?

ஆகவே, இரு தரத்தாரும் நம்பத்தக்க நடுவர் ஒருவர் தேவைப்பட்டார். அரசாங்கத்தார் கார் நிக்கோபாரிலும் நன்கௌரியிலும் முகவர்களை அமர்த்தினர். வாணிப உரிமத்துக்குக் கட்டணம் பெறுதல், மதுவும் துப்பாக்கியும் களவாக வந்திறங்காமல் தடுத்தல் ஆகியவற்றோடு, தீவினருக்கும் வணிகருக்கும் இடையே எழும் சிறு பிணக்குகளை இயன்றவரை இணக்கமாகத் தீர்த்து வைத்தலும் அவர்களுடைய கடமையாகும். நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி யாதெனில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரில் அப்பணியை ஏற்றவர் ஒரு தமிழர். வேதப்பன் சாலமோன் என்பது அவர் பெயர். சென்னையிலிருந்து சென்ற சமய ஊழியரான அவர், அங்கே பள்ளியும் நடத்தினார். அவரிடம் பயின்ற சிறுவரே பின்னாளில் பேராயரான ஜான் ரிச்சர்ட்சன். 1952ஆம் ஆண்டில் அத்தீவுகளின் சார்பில் முதன்முதலாக நாடாளுமன்றத்தில் அமர்ந்தவரும் அவரே. கீற்றில் கணக்கு வைத்த சமுதாயத்தின் பிள்ளை, ஒரு தலைமுறைக்குள் சட்டம் இயற்றும் மன்றத்தை எய்தினார். பிறர் எழுதிய கணக்கைத் தாமே படிக்கும் ஆற்றலே அவ்வேற்றத்தின் முதற்படி எனலாம்.

இனி, இக்காலத்துக்கு வருவோம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வாய்ச்சொல்லால் நடந்த விற்பனையையும் விற்பனையாகவே ஏற்கிறது. எனவே, ரசீது இல்லை என்பதனாலேயே வாங்கியது இல்லை என்றாகிவிடாது. சாட்சியோ, வங்கிக் கணக்கின் பதிவோ, கைப்பேசி வழியாகப் பணம் செலுத்திய குறிப்போ சான்றாகலாம். அவை இக்காலத்து மூங்கிற்கீற்றுகள். 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உரிய முறையில் ரசீது தராமையையே முறையற்ற வணிகச் செயலாகக் கூறுகிறது. குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், அவ்வாறு காலம் குறிக்கப்படாதவிடத்து 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுத்தலும் அத்தகையதே.

ஆயினும், ஒன்றை மறத்தல் ஆகாது. குறையுள்ள பொருள் வேறு. மனத்துக்குப் பிடிக்காத பொருள் வேறு. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவதற்குச் சட்டம் பொதுவாக உரிமை வழங்கவில்லை. அதனை ஏற்பது கடைக்காரரின் பெருந்தன்மை. அவ்விடத்தில் உரிமைக் குரலைவிட இன்சொல்லே பயன் தரும்.

2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் தமிழர் பலர் வாழ்கின்றனர். கடையில் விற்போராகவும் வாங்குவோராகவும் அவர்கள் இருக்கின்றனர். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் வர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். ஊருக்கு வந்து மூட்டையைப் பிரித்த பின்னரே குறை தெரிந்தால் என் செய்வது? புதிய சட்டத்தின்படி, வாங்கிய ஊரில் மட்டுமன்றித் தாம் வாழும் இடத்திலும் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கப்பல் போய்விட்டது என்று கைபிசைந்து நின்ற பழைய நிலை இன்று இல்லை.

நேயர்களே, அன்று கீற்றை வைத்திருந்தவருக்கு அது பாதிச் சான்று. மறுபாதி நடுவரின் நேர்மையில் இருந்தது. இன்று காகிதம் நம் கைக்கே வருகிறது. அதைக் கேட்டுப் பெறுங்கள், மடித்து வையுங்கள். நீங்கள் கடை நடத்துவோராயின், கேளாமலே எழுதிக் கொடுங்கள். முகம் அறியாத ஊரில் நம்மை அறிமுகம் செய்து வைக்கும் முதல் நண்பன் அச்சிறு சீட்டே.