விடை சரி, வழி தப்பு – கலிலியோவும் சறுக்கிய கணக்கு

பிளஸ் ஒன் இயற்பியலில் நம்மில் பலரும் முதலில் சறுக்குவது சீரான முடுக்கத்தில்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் வண்டி, சீராக வேகம் கூடி, 4 நொடியில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. எவ்வளவு தூரம் போயிருக்கும்? இருபதை நாலால் பெருக்கி 80 என்று நானும் எழுதியிருக்கிறேன். சரியான விடை 40. "அந்த அரை எங்கே போச்சு?" என்று கேட்டார் வாத்தியார். ஃபார்முலாவில் அந்த அரை எப்படி வந்தது என்று தேடியபோது கிடைத்த கதை இது.

1330களில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்டன் கல்லூரி அறிஞர்கள் ஒரு விதி சொன்னார்கள். வேகம் சீராகக் கூடினால், முதல் வேகத்துக்கும் கடைசி வேகத்துக்கும் நடுவிலுள்ள வேகத்தில் அதே நேரம் போனதற்குச் சமம். நம் கணக்கில் நடு வேகம் 10. நாலு நொடிக்கு 40. அதே நூற்றாண்டில் பிரான்சின் நிக்கோல் ஒரெம் இதைப் படமாகவே போட்டார். நேரம் படுக்கைக் கோடு, வேகம் நிமிர்ந்த கோடு. கிடைப்பது ஒரு முக்கோணம், அதன் பரப்புதான் தூரம். முக்கோணம் செவ்வகத்தில் பாதி அல்லவா? அந்த அரை இதுதான்!

ஆனால் இவர்கள் யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்தவர் கலிலியோ. நேராக விழும் கல் கண்ணுக்குச் சிக்காது. அதனால் பலகையில் வழவழப்பான பள்ளம் வெட்டி, அதைச் சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டினார். ஸ்டாப்வாட்ச் கிடையாது. மெல்லிய குழாயில் வடிந்த தண்ணீரை எடை போட்டு நேரம் கண்டார். நேரம் இரு மடங்கானால் தூரம் நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஒவ்வொரு சம இடைவெளியிலும் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று போகும்.

இங்கேதான் வேடிக்கை. 1604 அக்டோபரில் நண்பர் பாவ்லோ சார்பிக்கு எழுதிய கடிதத்தில் இந்த விதியைச் சரியாகச் சொன்ன கலிலியோ, காரணத்தைத் தப்பாகச் சொன்னார். கடந்த தூரத்துக்கு ஏற்ப வேகம் கூடுகிறதாம்! யோசித்துப் பாருங்கள். கிளம்பும்போது தூரம் சுழி என்றால் வேகமும் சுழி. பிறகு கல் எப்படி நகரும்? வேகம் கூடுவது நேரத்துக்கு ஏற்ப. அப்போது அவருக்கு 40 வயது, பதுவாவில் கணிதப் பேராசிரியர். விடை சரி, வழி தப்பு.

பிறகு திருத்திக்கொண்டார். 1633 விசாரணைக்குப் பின் வீட்டுக்காவலில் இருந்தபடி எழுதிய 'இரு புதிய அறிவியல்கள்' 1638இல் ஹாலந்தின் லைடனில் அச்சானது. அதற்குள் அவருக்குப் பார்வை போய்விட்டது. உரையாடலாக எழுதிய அந்தப் புத்தகத்தில், ஒரு பாத்திரம் அந்தப் பழைய தவறான கருத்தைச் சொல்லும்போது, 'நம் ஆசிரியரே சில காலம் இப்படித்தான் நினைத்திருந்தார்' என்ற பொருளில் இன்னொரு பாத்திரத்தைச் சொல்ல வைக்கிறார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை.

அதனால் நண்பர்களே, விடை புத்தகத்தோடு ஒத்துப்போனதும் பேனாவை மூடிவிடாதீர்கள். வழியையும் ஒருமுறை பாருங்கள். நான் இப்போது ஃபார்முலா எழுதும் முன் அந்த முக்கோணத்தை ஓரத்தில் வரைந்துகொள்கிறேன். அரை அதற்கப்புறம் காணாமல் போகவே இல்லை.