முப்பது குழந்தைகள், ஒரு ஹீட்டர்

ஆறு வயதுக் குழந்தை ஒன்று சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறத்தாழ 60 வாட் வெப்பம் வெளியே வரும். பழைய குண்டு பல்பு மாதிரி. முப்பது பேரை ஒரே அறையில் உட்காரவைத்தால் ஒரு ரூம் ஹீட்டர் ஓடுகிற கணக்கு. (உட்கார மாட்டார்கள் என்பதால் நிஜக் கணக்கு இன்னும் கூடுதல்.) இந்த இலவச ஹீட்டரை நம்பி ஒருவர் பள்ளிக்கூடமே கட்டினார்.

இங்கிலாந்தில், லிவர்பூலுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் வாலசி என்றொரு ஊர். அங்கே செயின்ட் ஜார்ஜ் பள்ளியின் புதிய கட்டடத்தை எம்ஸ்லி மார்கன் வடிவமைத்தார். 1961-இல் திறந்தார்கள். எண்ணெய் நெருக்கடிக்கு இன்னும் 12 வருடம் இருக்கிறது. எரிசக்திச் சிக்கனம் என்று யாரும் பேசாத காலம். தெற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, இரண்டு அடுக்காக, நடுவே சுமார் 60 சென்டிமீட்டர் இடைவெளி. கனமான கான்கிரீட், செங்கல். அதற்கு வெளியே பாலிஸ்டைரீன் போர்வை. பகலில் வாங்கிய சூட்டைக் கட்டடம் ராத்திரிக்கும் வைத்துக்கொள்ளும். சூரியன், விளக்குகள், பிள்ளைகளின் உடம்பு, இந்த மூன்றும் போதும் என்பது மார்கனின் கணக்கு. முன்ஜாக்கிரதையாக வைத்த வழக்கமான ஹீட்டிங்குக்குப் பெரிதாக வேலையே வரவில்லை.

எனக்கு இதைப் படித்தபோது புல்லரித்தது. ஆனால் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் பிற்பாடு அளந்து பார்த்ததில் இன்னொரு பக்கமும் தெரிந்தது. விளக்குகளின் பங்கு கணிசம்; அதாவது மின்சாரம். அதைவிட முக்கியம், சூடு தங்கியதற்கு ஜன்னல்களை அதிகம் திறக்காததும் ஒரு காரணம். வகுப்பில் நாற்றம் என்ற புகாரும் இருந்தது. முப்பது பேர் விட்ட மூச்சையே முப்பது பேரும் திரும்ப இழுத்தார்கள்.

அதற்கு ஒரு தலைமுறை முன்பு ஐரோப்பா நேரெதிராகப் போயிருந்தது. காசநோய் பயம். 1904-இல் பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க்கில் நோஞ்சான் குழந்தைகளுக்காகக் காட்டுக்குள்ளேயே பள்ளி வைத்தார்கள். 1930-இல் ஆம்ஸ்டர்டாமில் யான் டுய்க்கர் கட்டிய திறந்தவெளிப் பள்ளியில் மாடிக்கு மாடி திறந்த வகுப்பு. மூலைகளில் தூணே இல்லை, காற்று தடையில்லாமல் வரட்டும் என்று. இன்றும் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் டிசம்பரில் அங்கே ஜன்னலைத் திறந்தால், காசு கொடுத்து உண்டாக்கிய சூடெல்லாம் வெளியே போய்விடும்.

நல்ல மூச்சா, கதகதப்பா? ஒன்றைக் கேட்டால் மற்றதை விடணும். ஏசி மீட்டிங் ரூமில் மதியம் மூணு மணிக்குக் கொட்டாவி விட்ட எவருக்கும் இது புரியும். பெரியவர்கள் எழுந்து கதவைத் திறப்போம்; தொட்டிலில் கிடக்கிற எட்டு மாதக் குழந்தை என்ன செய்யும்?

விடை அலுப்பூட்டுகிற ஒரு பெட்டி: வெப்பப் பரிமாற்றி. வெளியே போகும் அழுக்குக் காற்றும் உள்ளே வரும் புதுக் காற்றும் மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் ஓடுகின்றன. காற்று கலக்காது, சூடு மட்டும் கைமாறும். குறைந்தது முக்கால்வாசி சூடு உள்ளேயே திரும்பிவிடும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991-இல் குடியேறிய முதல் பாசிவ்ஹவுஸ் இந்த நம்பிக்கையில் எழுந்தது. அந்தத் தரத்தின்படி ஒரு சதுரமீட்டரைச் சூடாக்க வருடத்துக்கு 15 யூனிட்டுக்கு மேல் தேவைப்படக் கூடாது. ஃபிராங்க்ஃபர்ட் மாநகராட்சி 2007-இல் தன் புதுக் கட்டடங்களுக்கு இதையே விதியாக்கியது. அதில் குழந்தைகள் காப்பகங்களும் அடக்கம். கிட்டா என்பார்கள் அங்கே.

காப்பகம் என்றால் அலுவலகக் கணக்கு செல்லாது. பிள்ளைகள் இருப்பது தரையில், அதனால் தரைக்கு அடியிலும் போர்வை வேண்டும். காலையில் ஒவ்வொரு அம்மாவும் அப்பாவும் பிள்ளையை விட வரும்போது வாசல் திறக்கும்; ஒரு கதவு மூடியபின் அடுத்தது திறக்கிற மாதிரி நடுவே சின்ன அறை வேண்டும். ஈரக் கோட்டையும் பூட்ஸையும் கழற்ற அந்த இடம் எப்படியும் தேவைதான். உள்ளே முப்பது ஹீட்டர்களும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். மார்கன் போட்ட அதே கணக்கு. ஆனால் ஜன்னலை மூடிவைத்தாலும் புதுக் காற்று வரும்.