கேமரா இல்லாத வகுப்பு

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1939இல் நிறுவப்பட்டபோது அதில் அசைவூட்டத்துக்கென ஒரு பிரிவு இல்லை. போர்ச் சேமிப்புப் பத்திரம் போன்ற செய்திகளைக் குறைந்த செலவில் விரைந்து மக்களிடம் சேர்க்க வேண்டிய நெருக்கடியே அப்பிரிவைத் தோற்றுவித்தது. வாரியத்தின் முதல் ஆணையரான ஜான் கிரியர்சன், லண்டன் அஞ்சல் துறைப் படப்பிரிவில் தம்மிடம் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் நார்மன் மெக்லாரனை 1941இல் அழைத்துக்கொண்டார். கிளாஸ்கோ கலைப்பள்ளியில் படித்த நாளிலேயே, பழைய படச்சுருளின் பூச்சைக் கழுவி நீக்கி, எஞ்சிய ஒளிபுகும் நாடாவின் மீது நேரடியாக வண்ணம் தீட்டிப் பார்த்தவர் மெக்லாரன். கேமராவே தேவைப்படாத இம்முறை போர்க்காலச் சிக்கனத்துக்குப் பொருந்திப்போனது.

அவர் தம் பிரிவுக்கு ஆள் தேடியது கலைக்கல்லூரிகளில்தான். டொரண்டோவிலிருந்தும் மான்ட்ரியலிலிருந்தும் வந்த ஜார்ஜ் டன்னிங், எவலின் லாம்பார்ட், கிராண்ட் மன்ரோ, ரெனே ஜோடுவான் முதலியோருக்கு ஓவியம் தெரியும், அசைவூட்டம் தெரியாது. முதன்மை நிலைகளை ஒருவர் வரைய, இடைநிலைகளை இன்னொருவர் நிரப்ப, மூன்றாமவர் செல்லுலாய்டு தாளில் மையிடுவது அக்கால ஹாலிவுட் வழக்கம். இங்கோ ஒரு படத்தின் முதலும் முடிவும் பெரும்பாலும் ஒரே கையில் இருந்தன. ஆள் பற்றாக்குறையால் நேர்ந்த இந்த ஏற்பாடே நல்ல பயிற்சியாக அமைந்தது எனலாம்.

பயிற்சியின் கடினம் அளவில் இருந்தது. 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், அடங்கும். திரையில் ஒரு வினாடிக்கு அவற்றுள் 24 ஓடி மறையும். ஆகவே ஐந்து வினாடி அசைவுக்கு அஞ்சல் தலை அளவே உள்ள 120 ஓவியங்களைப் பேனாவால் தீட்ட வேண்டும். வெற்று நாடாவில் சட்டகக் கோடு இராது. ஓரத் துளைகளை நான்கு நான்காக எண்ணித்தான் ஒரு படத்தின் எல்லையை அறியலாம். 1955இல் வெளிவந்த ‘பிளிங்கிட்டி பிளாங்க்’ படத்துக்காக மெக்லாரன் கருநிற நாடாவைக் கத்தியாலும் ஊசியாலும் சுரண்டினார். பல சட்டகங்களை வெறுமையாகவே விட்டு, இங்கொரு கீறலும் அங்கொரு கீறலுமாகத் தூவினார், இடைவெளியைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொண்டது. கோடு எவ்வளவு அழகு என்பதைவிட ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே என்ன மாறுகிறது என்பதே அசைவூட்டம் என்று அவர் வலியுறுத்தியது இந்த வேலையின் வழிவந்த முடிவே.

மெக்லாரனின் இந்தக் கைமுறை அயல்நாடுகளுக்கும் சென்றது. 1949இல் யுனெஸ்கோ அவரைச் சீனாவின் சோங்சிங் அருகே உள்ள பெய்பெய்க்கு அனுப்பியது. உடல்நலக் கல்விக்கான சுவரொட்டிகளையும் படங்களையும் ஊர் ஓவியர்களே செய்துகொள்ளப் பழக்குவது திட்டம். அவர் அங்கிருந்தபோதே ஆட்சி மாறியது. பின்னர் இந்தியாவிலும் யுனெஸ்கோவுக்காக இத்தகைய பணியைச் செய்தார். விலையுயர்ந்த கருவி எட்டாத இடத்தில் கைமுறை செல்லுபடியாகும் என்ற நம்பிக்கை இவற்றின் அடிப்படை. ஆயினும் படச்சுருளும் அதை ஓட்டும் கருவியும் வேண்டியிருந்ததால் அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை.

வாரியத்தில் பணியாற்றிய டெரெக் லாம்ப், 1960களின் இறுதியில் ஹார்வர்டில் வகுப்பெடுத்தபோது, மாணவர்களைச் சித்திரம் வரையவிடாமல் கேமராவின் கீழ் பொருள்களை நகர்த்தப் பணித்தார். அவ்வகுப்பில் இருந்த கரோலின் லீஃப் மணலைத் தேர்ந்தார். அடியிலிருந்து ஒளி வரும் கண்ணாடியின் மீது மணலைப் பரப்பி, விரலால் ஒதுக்கி உருவம் சமைத்து, ஒரு படம் எடுத்ததும் அதையே கலைத்து அடுத்ததை ஆக்குவது இம்முறை. முந்தைய நிலை அழிந்துபோவதால் பிழை திருத்தத் திரும்பிச் செல்ல வழியில்லை. 1972இல் வாரியத்தில் சேர்ந்த அவர், எளிதில் உலராத வண்ணத்தைக் கண்ணாடியில் விரலால் குழைத்து ‘தி ஸ்ட்ரீட்’ (1976) படத்தை உருவாக்கினார்.

கணினியையும் இதே மரபினர்தாம் அழைத்துவந்தனர். மெக்லாரனிடம் பயின்ற ஜோடுவான் 1974இல் தயாரித்த, பீட்டர் ஃபோல்டஸ் இயக்கிய ‘லா ஃபாம்’ படத்தில், கலைஞர் வரைந்த இரு முதன்மை நிலைகளுக்கு இடைப்பட்டவற்றைக் கணினி கணக்கிட்டுத் தந்தது. இன்றைய மோஷன் டிசைன் மென்பொருள்களின் அடிப்படைச் செயலும் அதுவே. இடைநிலையைக் கணினி நிரப்பினாலும், அது எவ்வளவு விரைவில் தொடங்கி எங்கே தளர வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவர் வடிவமைப்பாளரே. 1976க்கும் 1978க்கும் இடையில் மெக்லாரனும் மன்ரோவும் ஐந்து பகுதிகளாகத் தந்த ‘அனிமேட்டட் மோஷன்’ என்ற பாடப்படம் வடிவமைப்பாளரின் அந்த வேலையைத்தான் பாடமாக எடுத்துக்கொள்கிறது: கதையோ பாத்திரமோ இன்றி ஒரு சிறு வட்டு மட்டும் திரையில் சீராகச் செல்கிறது, விரைகிறது, தளர்கிறது, நிற்கிறது, ஒவ்வொன்றுக்கும் சட்டகத்துக்குச் சட்டகம் எவ்வளவு தொலைவு விடப்பட்டது என்பது அளந்து காட்டப்படுகிறது.