நாலு பவுன் ஈயம்: வேட்டைத் தோட்டா குறித்துச் சில குறிப்புகள்

கிரிவலப் பாதையில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெரியவர் ஒருவரோடு எனக்குச் சில வருஷங்களாகப் பேச்சுப் பழக்கம். ஒருமுறை நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டேன். "அது என்ன பெரிய வித்தையா சாமி? மொதல்ல மருந்து, அப்புறம் தேங்கா நாரு, அதுமேல ரவை. கம்பியால கெட்டிச்சிட்டா தீந்துச்சு. காடைக்குப் பொடி ரவை, மொயலுக்குக் கொஞ்சம் பெருசு, பன்னிக்கு ஒத்தக் குண்டு" என்றார். குண்டு எவ்வளவு எடை என்றேன். சிரித்துவிட்டார். "எட போட்டா சுடுவாங்க? பன்னிக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ."

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு புத்தகப் பதில் இருந்தது. ஐரோப்பிய வேட்டைத் தோட்டாவை 'கிரெயின்' கணக்கில் நிறுப்பார்கள். கிரெயின் என்றால் தானியமணி. நம்மூர்த் தட்டார் பொன்னை நிறுக்கக் குன்றிமணி வைத்த மாதிரி, அவர்களுக்கு வாற்கோதுமை மணி. ஒரு கிரெயின் 0.0648 கிராம். 1898இல் ஜான் ரிக்பி கம்பெனி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரைபிளின் தோட்டா 480 கிரெயின், அதாவது 31 கிராம். நாலு பவுனுக்குச் சற்றுக் குறைவு. யானைக்கும் காட்டுமாட்டுக்கும் அதுவே அளவு என்று சொல்லப்பட்டது.

இந்தத் தோட்டாக்களில் அடிப்படையாக இரண்டு வகை. ஒன்று, ஈயத்தை முழுக்க உலோக உறையால் மூடியது. எலும்பைத் துளைத்து நேராக உள்ளே போகும், யானைக்கு அது. மற்றது, உறையை முனையில் மட்டும் திறந்துவிட்டு ஈயத்தை வெளியே காட்டுவது. உடம்பில் பட்டதும் முனை நசுங்கிக் காளான்போல விரியும்; புலி, மான் போன்ற மெல்லிய தோல் மிருகங்களுக்கு அது. உறை எவ்வளவு கனம், முனை எவ்வளவு திறப்பு, எந்த இடத்தில் விரிவு நிற்கவேண்டும் என்பதில்தான் தோட்டா செய்பவரின் தொழில்நுட்பம் அத்தனையும் இருக்கிறது. ஜெர்மானியர் வில்ஹெல்ம் பிரென்னெக் ஒரே தோட்டாவுக்குள் முன்பாதிக்கு மெல்லிய ஈயமும் பின்பாதிக்குக் கெட்டி ஈயமும் வைத்தார்; முன்பாதி விரியும், பின்பாதி துளைக்கும். இவ்வளவும் மிருக உடலைப் பற்றிய அறிவு என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் விரியும் தோட்டாவின் வரலாற்றில் மனித உடலும் இருக்கிறது.

1895 சித்ரால் படையெடுப்பில் பிரிட்டிஷ் சிப்பாய்களிடம் இருந்தது .303 ரைபிள். அதன் 215 கிரெயின் தோட்டா முழு உறை போட்டது. சுடப்பட்ட எல்லைப்புறப் பழங்குடியினர் விழாமல் ஓடிவருகிறார்கள் என்று புகார் எழுந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே உறையின் முனையைத் திறந்துவிட்டார். 'டம்டம் குண்டு' என்று உலகமே சொல்லும் சொல் ஒரு வங்காள ஊர்ப்பெயர். 1899இல் ஹேக் மாநாட்டில் இதைத் தடைசெய்யப் பேச்சு வந்தபோது, பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் ஆர்டா எதிர்த்தார். நாகரிக சிப்பாய் அடிபட்டால் நின்றுவிடுவான், 'காட்டுமிராண்டி' நிற்கமாட்டான் என்பது அவர் வாதத்தின் சாரம். யார் உடல் மனித உடல், யார் உடல் வேட்டை உடல் என்கிற சொல்லாடல் இதைவிட அப்பட்டமாக வெளிப்பட்ட இடம் குறைவு. தடை நிறைவேறியது. ஆனால் அது ஒப்பந்த நாடுகள் தங்களுக்குள் நடத்தும் போருக்கு மட்டும். காலனி மக்கள் அதற்குள் வரவில்லை. மிருகங்களும் வரவில்லை. பிரிட்டன் கையெழுத்திட்டதே 1907இல்.

அதே 1907இல் இன்னொன்று நடந்தது. .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு தடைசெய்தது. பட்டாளத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி ரைபிளும் அதே அளவு. அவற்றில் பல எதிர்ப்பாளர்கள் கைக்குப் போயிருந்தன. வேட்டைக்காரர் தோட்டா அவற்றுக்கு இரையாகிவிடுமோ என்ற பயம். உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று புது அளவுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. எடை 480, 500 கிரெயின் என்று கிட்டத்தட்ட பழையபடியே. யானையின் மண்டையோடு மாறவில்லை. குழலின் விட்டத்தை மாற்றியது 1857 பற்றிய ஞாபகம். 'பெரிய மிருகத்துக்கான உன்னத ரைபிள்' என்று இன்றும் ஏலத்தில் லட்சக்கணக்கில் போகும் அந்த அளவுகளுக்குள் ஒரு கலகத்தின் அச்சம் உட்கார்ந்திருக்கிறது.

துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்பதை 1878 ஆயுதச் சட்டம் ஏற்கெனவே எழுதியிருந்தது. இந்தியனுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 1882 சென்னை வனச் சட்டம் காட்டைக் 'காப்புக்காடு' ஆக்கியது. அங்கே சாகிப் சுட்டால் ஷிகார், மலைக்காரர் சுட்டால் திருட்டு. 300 கிரெயின் தோட்டா போடும் .405 வின்செஸ்டரோடு பென்னாகரம், ஜவளகிரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனின் புத்தகங்களை நானும் ஆசையாகப் படித்தவன்தான். அவருக்குக் காட்டைப் படித்துச் சொன்னவர்கள் பைரா, ரங்கா போன்றவர்கள். அவர் அவர்களைப் பிரியமாகவே எழுதுகிறார். ஆனாலும் அட்டையில் இருப்பது ரைபிள்காரர் பெயர்.

1972 வன உயிரினச் சட்டம் எல்லோருடைய வேட்டையையும் குற்றமாக்கியது. காட்டுக்கு அது தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாகிப்பின் வாரிசு ரைபிளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டார். நரிக்குறவருக்குத் தொழிலே போயிற்று. கோயில் வாசலில் பாசிமணி வந்தது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். வேட்டையைப் பிடுங்கி ஐம்பது வருஷம் கழித்து, நீ வேட்டைச் சமூகம்தான் என்று ஒரு சான்றிதழ்.

நம் மாவட்டத்துக்கும் தோட்டாவுக்கும் உள்ள கணக்கு அதோடு முடியவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழகத் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. திருவண்ணாமலை மாவட்டத்தவரும் ஜவ்வாது மலைக்காரரும் அவர்களில் இருந்தார்கள். கூலிக்குப் போனவர்கள். மரத்தை வாங்கி விற்றவன் எவனும் அந்தக் காட்டில் சாகவில்லை. ஹேக் ஒப்பந்தம் போருக்குத்தான். 'என்கவுண்டர்' போர் அல்லவே. 1899இல் திறந்துவைத்த அந்த இடைவெளிக்குள்தான் அவர்களும் விழுந்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். நாலு பவுன் கணக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார். "நாலு பவுனா? பொண்ணுக்குக் கல்யாணமே பண்ணலாம் சாமி" என்றார். அப்புறம் மலையைக் காட்டி, "இந்தச் சாமி காலத் தேடி மண்ணக் கெளறுனது பன்னிதான. அத நாங்க கும்புட்டுட்டுத்தான் சுட்டோம்" என்றார். புத்தகத்துத் தோட்டாக்களில் எடை, விட்டம், வேகம் எல்லாம் இருக்கின்றன. சுடப்படுவது யார் என்ற பத்தி மட்டும் இல்லை. அந்தப் பத்தியை நாம்தான் எழுதிச் சேர்க்கவேண்டும்.