நூறு கஜம்

இன்னைக்கு எபிசோட் ஒரு ஸ்லோ மோஷன் வீடியோவில் இருந்து ஆரம்பிக்குது. பழைய பாணித் துப்பாக்கி. குழல் வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடுகிற வகை. அமெரிக்காவில் இன்னமும் வேட்டைக்கு இதை வைத்திருக்கிறார்கள். சுட்டதும் புகைக்குள் இருந்து உருண்டை ஈயக்குண்டு வெளியே வருது. அதோடு சின்னதா ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் வருது. ரெண்டடி போனதும் கிண்ணம் பூ மாதிரி விரிந்து, காற்றில் பின்தங்கிக் கீழே விழுந்துடுது. குண்டு மட்டும் போகுது.

அந்தக் கிண்ணத்துக்குப் பேர் சபோ. பிரெஞ்சில் மரச்செருப்பு என்று அர்த்தம். நம்ம ஊர் பாதக்குறடு மாதிரி. பிளாஸ்டிக் வருவதற்கு ரொம்ப முன்னாடியே பீரங்கிக் குண்டை ஒரு மரக்கட்டை மேல் உட்கார வைத்து, தகரப் பட்டையால் கட்டி உள்ளே தள்ளுவார்கள். பேர் அங்கிருந்து வந்ததுதான். ஆவடியில் செய்கிற அர்ஜுன் டாங்கியின் கவசம் துளைக்கும் குண்டு இருக்கே, அதுவும் இதே யோசனைதான். ஒல்லியான அம்பைச் சுற்றி ஒரு உறை. வெளியே வந்ததும் உறை கழன்றுடும்.

சரி, குண்டுக்கு எதுக்குச் செருப்பு?

மதுரைப் பக்கம் கோயில் திருவிழாவில் வேட்டு போடுறதைப் பார்த்திருப்பீங்க. இரும்புக் குழாயில் மருந்தைப் போட்டு, மேலே செங்கல் பொடியை வைத்து இறுக்கமா கெட்டிப்பாங்க. இறுக்கம் சரியா இருந்தாதான் தெருவே அதிரும். லூசா இருந்தா புஸ்ஸுன்னு போயிடும். துப்பாக்கியிலும் அதே கதைதான். குண்டுக்கும் குழலுக்கும் நடுவில் சந்து இருந்தால், வெடித்த வாயு அந்தச் சந்து வழியாகத் தப்பிச்சுடும். குண்டும் குழலுக்குள் இங்கேயும் அங்கேயும் இடிச்சுக்கிட்டே வந்து, கடைசியா எந்தப் பக்கம் இடிச்சதோ அதைப் பொறுத்து ஒரு திசையில் போகும். சபோ அந்தச் சந்தை அடைக்குது. திருகு வரி போட்ட ரைபிள் குழல் என்றால், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு குண்டையும் சுழல வைக்குது. பழைய ஆட்கள் இதுக்கு எண்ணெய் தடவின துணியைச் சுற்றினார்கள். சொல்லப்போனால் உருண்டைக் குண்டுக்கு அந்தத் துணியே நல்லாத்தான் வேலை செய்யுது. பிளாஸ்டிக் கொஞ்சம் உருகிக் குழலில் ஒட்டிக்கும், அப்புறம் சுரண்டணும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 18-ஆம் நூற்றாண்டில் மதுரைச் சீமையில் கம்பெனிப் படை தூக்கிக்கொண்டு வந்த துப்பாக்கி பிரவுன் பெஸ். குழல் விட்டம் 0.75 அங்குலம். குண்டு சுமார் 0.69 அங்குலம். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர். சந்தை வேணும்னேதான் விட்டார்கள். கரி படிந்த குழலில் இறுக்கமான குண்டை இடித்து இறக்க நேரம் ஆகும். சந்து இருந்தால் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்து, மருந்தைக் கொட்டி, குண்டைத் தள்ளி, நிமிஷத்துக்கு மூணு தடவை சுடலாம். விலை என்னன்னா, நூறு கஜத்துக்கு மேல் குறி என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் சிப்பாய்களை வரிசையா நிறுத்தி ஒரே நேரத்தில் சுடச் சொன்னார்கள். யாரோ ஒருத்தன் குண்டு யார் மேலாவது படும், அவ்வளவுதான் கணக்கு.

இதில் எனக்குப் பிடித்த சாட்சி ஜேம்ஸ் வெல்ஷ். கம்பெனி அதிகாரி. 1795-இல் மதுரையில் இருந்தார். தன் ராணுவ நினைவுகளை 1830-இல் புத்தகமாகப் போட்டார். அதில் சிவகங்கையின் சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறார். கைதேர்ந்தவன் வீசினால் வளரி நூறு கஜத்துக்குள் தப்பாமல் படும் என்றும் எழுதியிருக்கிறார். கவனிங்க, அதே நூறு கஜம்! வளைந்த ஒரு கட்டை. மருந்து வேண்டாம், மழை வந்தால் நமத்துப் போகாது. நூறு கஜத்தை ஒரு ஆள் ஓடிக் கடக்க இருபது விநாடி போதும். சிப்பாய் அடுத்த குண்டைக் கெட்டிக்கிறதும் கிட்டத்தட்ட அதே இருபது விநாடிதான். நடுவில் முள்ளுக்காடு வேற இருந்தால் வரிசையாவது, ஒரே நேரத்தில் சுடுறதாவது.

பாளையக்காரர்களிடமும் திரி வைத்துச் சுடுகிற துப்பாக்கிகள் இருந்தன. ஆனால் அவர்களோட பலம் நீள ஈட்டியும் கிட்டத்துச் சண்டையும். 1801 மார்ச் 31 அன்று, மதுரைக்குத் தெற்கே ஓட்டப்பிடாரம் பக்கம் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையை மேஜர் மெக்காலே தாக்கினார். பலத்த அடி வாங்கித் திரும்பினார். மே 24-இல் கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்த பிறகுதான் கோட்டை விழுந்தது. சுவரை உடைத்தது பீரங்கி. சிப்பாய் கையில் இருந்த துப்பாக்கி மட்டும் இருந்திருந்தால் கதை என்ன ஆகியிருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன். மதுரைக் கோட்டையும் அப்படித்தான். 1763-இல் கம்பெனிப் படை யூசுப் கானை முற்றுகையிட்டுத் தோற்றது. மறு வருஷம் அவர் பிடிபட்டது குண்டால் இல்லை, கூட இருந்தவர்கள் காட்டிக்கொடுத்ததால். 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் தர்கா இருக்கு, பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீங்க.

மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். வெல்ஷ் அந்தப் போரில் கம்பெனிப் பக்கம் நின்றவர். தனக்கு வளரி சொல்லிக்கொடுத்தவரோட முடிவை வருத்தத்தோடதான் எழுதியிருக்கிறார்.

அதே டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் விட்டார். தென் சீமையில் ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது, கோட்டைகளை இடிக்கணும். துப்பாக்கி, ஈட்டி எல்லாம் போச்சு. பள்ளியில் படிக்கிறப்போ நவீனத் துப்பாக்கி முன்னாடி பழைய ஆயுதம் தோத்துடுச்சுன்னு நாம நினைச்சுக்குவோம். வளரி விஷயத்தில் அது பாதிதான் உண்மை. அதன் குறி தவறினதால் அது போகலை. வைத்திருக்கிறதே குற்றம்னு ஆனதால் போச்சு.

ஐரோப்பியர்கள் அந்த ஒன்றரை மில்லிமீட்டரை அடைச்சு முடிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு. சுடும்போது விரிந்து வரியைப் பிடிக்கிற குண்டோட என்ஃபீல்டு ரைபிள் வந்தது. அது சுலபமா இறங்கத் தோட்டாவில் கொழுப்பு தடவினார்கள். அந்தக் கொழுப்பு 1857-இல் என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

வளரி என்ன ஆச்சு? தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி வெளியிட்ட தொகுப்பில் அதுக்கு இடம் கொடுத்திருக்கிறார். தஞ்சாவூர் ஆயுதக் கிடங்கில் இருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த ரெண்டு தந்த வளரிகளைச் சொல்கிறார். கூடவே மதுரைப் பக்கத்து வழக்கம் ஒன்றும் இருக்கு. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளரியை மாற்றிக்கொள்வார்களாம்.